உறைபனித் தேநீர்

"எதுலயும் ருசியே இல்ல," என்றாள் ஹெப்சிபா.

"எதுலயுமேவா?"

"டீயில இல்ல. புத்தகத்துல இல்ல. கேக்குல இல்ல. வேற என்ன இருக்கு எனக்கு? நீங்கதான் ஒரு வழி சொல்லணும், குருவே."

"குருவா! குருமான்னா வெச்சுத் தரேன்," என்றாள் சௌந்தரம். "உக்காருங்கக்கா. தண்ணி கொதிக்கட்டும்."

கோத்தகிரிக்கு மேலே, சாலை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் சௌந்தரத்தின் வீடு. சுவரெல்லாம் புத்தகம், அடுக்களையெல்லாம் தேயிலை டப்பா. வாழ்க்கை கசந்தவர்கள் அங்கே ஏறிப் போவார்கள். அவள் யாருக்கும் எதையும் போதித்ததாகத் தெரியவில்லை. தேநீர் கொடுப்பாள். சிலர் தெளிந்து இறங்குவார்கள். சிலர் சும்மா இறங்குவார்கள்.

ஹெப்சிபா அவளைவிடப் பத்து வயது மூத்தவள். ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது அவள் உத்தியோகமாக இருந்தது. உத்தியோகம் முடிந்தது. ஜனவரியில் கணவரும் முடிந்துபோனார்.

முதல் கோப்பை வந்தது.

ஹெப்சிபா சத்தமாக உறிஞ்சினாள். நாக்கில் உருட்டினாள். கன்னத்துக்குக் கன்னம் மாற்றினாள். ஜன்னலோரப் பூந்தொட்டியில் துப்பினாள்.

"பச்சை. ஆவி கொஞ்சம் அதிகமாப் பட்டுடுச்சு."

இரண்டாவது கோப்பை.

"கறுப்பு. மழைக்கால இலை. சாரமில்ல." துப்பினாள்.

மூன்றாவது.

"வெள்ளை. நல்ல மொட்டு. காய வெச்சவனுக்குத்தான் அவசரம்." துப்பினாள்.

தொழில் பழக்கம் அது. விழுங்கினால் அடுத்த கோப்பையின் தரம் சொல்ல முடியாது. வீட்டிலும் அவள் அப்படித்தான் குடித்தாள், அதைக் குடிப்பது என்று சொல்லலாமென்றால்.

"என் செடி கொடுத்து வெச்சது," என்றாள் சௌந்தரம். "நாக்கு கத்தி மாதிரி இருக்கேக்கா."

"நாக்கு இருக்கு. ருசிதான் போச்சு."

"எப்போலேருந்து?"

"அவர் போனதுலேருந்து."

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அதன் சத்தம். கொஞ்ச நேரத்தில் தணிந்தது.

"தினம் சாயங்காலம் ஒரு கேக் சுடுவாரு," என்றாள் ஹெப்சிபா. "டீயை வெச்சுட்டு, எதிர்ல உக்காந்து நாவல் படிச்சுக் காட்டுவாரு."

"நல்லா படிப்பாரா?"

"கணீர்னு படிப்பாரு. நான் ரெண்டு பக்கம் கேப்பேன். போதும், முடிவு தெரிஞ்சுடுச்சும்பேன். அப்புறம் மனசுக்குள்ள படிச்சுப்பாரு."

"கேக்?"

"ஒரு விள்ளல் பிச்சு வாயில போடுவேன். ஏலக்காய் தூக்கல், வெண்ணெய் பத்தலம்பேன்."

"மிச்சம்?"

"பக்கத்து வீட்டுக்குப் போயிடும்."

பையிலிருந்து ஒரு நாவலை எடுத்தாள். நடுவில் காகிதத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"அவர் விட்ட இடம். நானே உரக்கப் படிச்சுப் பாத்தேன். எழுத்து வருது. அவர் குரல் வரல."

"முடிவுதான் தெரியுமே உங்களுக்கு?"

ஹெப்சிபா அட்டையைத் தடவினாள்.

"தெரியாது. ஒண்ணோட முடிவும் தெரியாது. சும்மா சொல்லுவேன்."

அடுத்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். பிள்ளையைப் பிறர் கையில் கொடுக்க மனமில்லாத தாய் போல அதன்மேல் இருந்து கையை எடுக்கவில்லை.

"கிறிஸ்துமசுக்குச் சுட்ட பிளம் கேக். ரம்மில ஊறினது, கெடாது. ஈஸ்டருக்கு வெட்டுன்னாரு. வெட்டினா தீந்துடுமே?"

"ஈஸ்டர் போயிடுச்சே."

"போயிடுச்சு."

சௌந்தரம் அந்தக் கையை மெல்ல விலக்கி, மூடியைத் திறந்தாள்.

கேக்கின்மேல் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. மலையின் மழைக்காலம் எதையும் விட்டுவைப்பதில்லை.

"உள்ள நல்லாருக்கும்," என்றாள் ஹெப்சிபா. "வெட்டிப் பாருங்க. உள்ள நல்லாருக்கும்."

சௌந்தரம் கத்தியை எடுத்து வெட்டினாள். நடுவரை பச்சை. இன்னொரு பக்கம் வெட்டினாள். அங்கும்.

ஹெப்சிபா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"முழுசா ஒரு துண்டு," என்றாள். "அவர் இருக்கையில ஒரே ஒரு நாள்..."

சௌந்தரம் எழுந்தாள். உள்ளே போய் ஒரு சிறு பொட்டலத்தோடு வந்தாள்.

"இது உறைபனித் தேயிலை. ராத்திரி பனி உறைஞ்சு, விடிஞ்சதும் கிள்ளின கொழுந்து. ஒரு கோப்பைக்குத்தான் வரும்."

"எப்போ கிள்ளினது?"

"போன ஜனவரி."

"அவர் போன..."

"அந்த ஜனவரிதான். ஆறதுக்குள்ள குடிங்கக்கா."

வெளிர் பொன்னிறம். ஆவி அவள் முகத்தைத் தொட்டது. ஹெப்சிபா கோப்பையைத் தூக்கினாள். உறிஞ்சினாள், உருட்டினாள், கன்னம் மாற்றினாள், துப்பினாள். ஒரு வாய், இரண்டு வாய், கோப்பை காலி.

"மல்லிகை வாசம். லேசா ஒரு..."

நிறுத்தினாள். காலிக் கோப்பையைப் பார்த்தாள்.

"இன்னொரு கோப்பை..."

சௌந்தரம் பொட்டலத்தை உதறிக் காட்டினாள்.

ஹெப்சிபா எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். தொட்டியின் மண் கறுத்திருந்தது. அது முழுவதையும் குடித்து முடித்திருந்தது.

"எப்படி இருந்துச்சுக்கா?"

ஹெப்சிபா வாயைத் திறக்கவில்லை. நாக்கின் அடியில் ஒரு துளி மிச்சமிருந்தது.