பரங்கிக்கொடிக்குக் கல்யாணம்

வெகுகாலத்துக்கு முன்பு கொன்றைநாடு என்றொரு நாட்டை அடலேறு என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் வந்தால் அந்தக் கணமே சட்டம் போட்டுவிடுவான்.

ஒருநாள் அவன் மூக்கில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. "அரண்மனைப் பக்கம் இனி ஒரு தேனீ இருக்கக் கூடாது. அதன் பெயரைச் சொல்கிறவனும் இந்த நாட்டில் இருக்கக் கூடாது!" என்று உத்தரவிட்டான். பண்டகசாலை அதிகாரி கோளரி புகை போட்டு, கூடுகளைக் கலைத்து, அத்தனையையும் விரட்டினான். பரிசாக முத்துமாலை கிடைத்தது. அமைச்சர் பதவியும் கிடைத்தால் தேவலை என்று அவனுக்கு ஆசை.

வீக்கம் வடிந்ததும் அரசனுக்குத் தோட்ட ஆசை பிடித்தது. தன் கையாலேயே ஒரு பரங்கி விதையை ஊன்றினான். முளை விட்ட அன்று சபையையே கூட்டிக் காட்டினான். தானே தண்ணீர் ஊற்றினான், தானே களை பிடுங்கினான். கொடி மதிலோரம் படர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஆனால் பிஞ்சுகளெல்லாம் வெம்பி உதிர்ந்தன. அரசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அமைச்சர் தேவநம்பி வீட்டுக் கொல்லையில் மட்டும் பரங்கிக்காய் உருண்டு கிடக்கிறது, மன்னா. அவர் கண்தான் பட்டிருக்கிறது" என்றான் கோளரி.

அரசன் அமைச்சரை அழைத்தான். "பௌர்ணமிக்குள் என் கொடி காய்க்க வேண்டும். இல்லையென்றால் உம் முத்திரை மோதிரம் கோளரி விரலுக்குப் போகும்!"

தேவநம்பிக்குக் காரணம் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை.

"குறை ஒன்றுமில்லை அரசே. கொடிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்றார். சபை சிரித்தது.

மறுநாள் விடியலில் அரசனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். "வெறும் காம்பில் நிற்பவர் மாப்பிள்ளை. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பவள் பெண். வெயில் ஏறினால் வாடிவிடுவார்கள். அதற்குள் முகூர்த்தம்."

மாப்பிள்ளைப் பூவின் இதழ்களைக் களைந்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவுக்குள் தடவச் சொன்னார். அரசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினான். மற்ற பிஞ்சுகள் உதிர்ந்தன. அந்த ஒன்று மட்டும் நின்று பருத்தது.

பௌர்ணமி சபையில் அரசன் கேட்டான்: "உம் வீட்டில் இத்தனை காய் காய்க்கிறதே. எல்லாக் கல்யாணத்தையும் நீரா செய்து வைக்கிறீர்?"

"இல்லை அரசே. புரோகிதர்கள் தாமாகவே வருகிறார்கள். மந்திரத்தை முணுமுணுத்தபடி பூப்பூவாகப் போவார்கள். ஒரு சொட்டு இனிப்புதான் தட்சிணை."

"இங்கே ஏன் வரவில்லை?"

"வந்துகொண்டுதான் இருந்தார்கள். கோளரி புகை போட்டு விரட்டிவிட்டார்."

கோளரி துள்ளி எழுந்தான். "மன்னா, மாட்டிக்கொண்டார்! இவர் சொல்வது தேனீயை! தேனீயேதான்!"



"பெயரைச் சொன்னது யார்?" என்றான் அரசன். எல்லோரும் கோளரியைப் பார்த்தார்கள். அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். காவலர்கள் நெருங்கினார்கள்.

"இவரை நாடுகடத்தினால் நஷ்டம் நமக்குத்தான் அரசே" என்றார் தேவநம்பி. "கொடியில் ஏகப்பட்ட பெண்கள் காத்திருக்கிறார்கள். விரட்டியவர்கள் திரும்பி வரும்வரை இவரே புரோகிதராக இருக்கட்டும்."

அரசன் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, "என் பிஞ்சுகளை உதிர்த்தது என் சட்டம்தானா!" என்று அங்கேயே அதை ரத்து செய்தான். முதல் பரங்கிக்காய் முற்றியதும் தானே சுமந்துகொண்டு போய் அமைச்சர் வீட்டில் கொடுத்தான்.

கோளரி தினமும் விடியலில் முதுகு வளைந்து, விரலெல்லாம் மஞ்சளாக நின்றான். "புரோகிதரே, இன்று எத்தனை முகூர்த்தம்?" என்று எல்லோரும் கேலி செய்தார்கள். முதலில் முறைத்தான். பிறகு பதில் சொல்லவும் அவனுக்கு நேரமில்லை.

மழை முடிந்து தேனீக்கள் வந்தன. அரசன் அவனை விடுவித்தான்.

அன்று மாலை தேவநம்பி வீட்டு வாசலில் கோளரி வந்து நின்றான். தலையைக் குனிந்தபடியே கேட்டான்:

"உங்கள் வீட்டுப் பரங்கி விதை நாலு கிடைக்குமா?"