எடுக்கவும் கூடாது, விடவும் கூடாது

கொம்படிப்பட்டியில் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் காலையில் நடக்கப் போவதில்லை. அதனால் ஊர்க் காலைநடைக் கழகத்தில் மொத்தம் மூன்றே பேர். மூன்று பேருமே தங்கமானவர்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், போகப் போகச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காது.

தலைவர் பிச்சைக்கனி அண்ணாச்சி கயிற்றுக்கடை வைத்திருந்தார். ஆறடி உயரம். செயலாளர் சுடலைக்கண் அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டார். ஆனால் கக்கத்தில் தீர்மான நோட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் தங்கப்பழம். ஆகவே பொதுக்குழு என்றால் அது அவர்தான்.

இந்தக் கழகத்தில் தீர்மானம் போடாமல் துரும்பும் அசையாது. ஒருநாள் நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடுவதா நிற்பதா என்று முன்மொழிந்து, வழிமொழிந்து, வாக்கெடுத்து முடிப்பதற்குள் மழை விட்டுவிட்டது. ஓடுவது என்று தீர்மானமாகியிருந்ததால் மூவரும் வெயிலில் ஓடினார்கள்.

ஊர்க்குளத்தையே சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், ஒருநாள் வெள்ளையாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய்க் குளித்து, நடந்து, காற்று வாங்கி வருவதென்று முடிவு செய்தார்கள். மலைக்குள்ளே முப்பது கிலோமீட்டர் நீளம், மொத்தமே ஏழு வீடுகள். அதிலும் இரண்டு பூட்டிக் கிடந்தன. காலையில் ஒரு ஜீப் உள்ளே போகும். சாயங்காலம் நாலு மணிக்கு அதே ஜீப் வெளியே வரும். அதை விட்டால் மறுநாள் நாலு மணிதான்.

தங்கப்பழத்தின் மனைவி லெட்சுமணவடிவுக்கு இந்தப் பயணம் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பொன்செல்வியைப் பொண்ணு பாக்க வாராங்க. மாப்பிள்ளையோட தாய்மாமனுக்கு ஏற்கெனவே மனசு இல்ல. சொந்தத்துலதான் பொண்ணு எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்காரு. பொண்ணோட அப்பன் வீட்டுல இல்லைன்னா அதையே சாக்கா வச்சு எந்திரிச்சுப் போயிருவாரு. தெரியும்லா?"

"நாலு மணி ஜீப்புல வந்துருவேன் வடிவு. சத்தியமா."

சும்மா சொல்லவில்லை. பொன்செல்விக்கு அந்தப் பையனை மனசுக்குப் பிடித்திருந்தது. போட்டோவை நோட்டுக்குள் வைத்து ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்கிறாள் என்பது தங்கப்பழத்துக்குத் தெரியும். அவருக்கு ஒரே பெண், உயிரையே வைத்திருந்தார்.

சோதனைச் சாவடியில் வனக்காவலர் ராசையா மூன்று பேரையும் நிற்கவைத்து விதிகளைச் சொன்னார்.

"இடுப்புக்கு மேல தண்ணி இருந்தா இறங்கக் கூடாது. குரங்குக்கு எதையும் குடுக்கக் கூடாது. முக்கியமா, இங்க உள்ளது எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது. நீங்க கொண்டு வந்தது எதையும் விட்டுட்டுப் போகக் கூடாது. மீறினா ஜீப்புல ஏத்தவே மாட்டேன்."

எல்லாரிடமும் சொல்வதுதான். ஆனால் கேட்டவர்கள் அதை எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, அவரிடமே கையெழுத்து வாங்கியது அவருடைய சர்வீஸில் அதுதான் முதல் தடவை.

ஆறு பளிங்கு மாதிரி ஓடியது. முழங்காலளவு தண்ணீர். மூவரும் ஆசையோடு இறங்கி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார்கள்.

"அண்ணாச்சி, உக்காந்தா நெஞ்சு வரைக்கும் வருது! இடுப்புக்கு மேல போயிட்டு!" என்றார் சுடலைக்கண்.

"நிக்கும்போது வரலியே?"

"நிக்கும்போது வரல. ஆனா நின்னா குளிக்க முடியல."

அண்ணாச்சி யோசித்தார். "அப்ப ஆழம் தண்ணியில இல்ல, நம்மகிட்டதான் இருக்கு. உக்காரக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் எழுதும்."

ஆகவே அவ்வளவு தூரம் குளிக்கப் போனவர்கள் முழங்காலுக்குக் கீழே மட்டும் நன்றாகக் குளித்தார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு குரங்கு வந்தது. தங்கப்பழத்தின் புளியோதரைப் பொட்டலத்தை அவர் மடியிலிருந்தே எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. வேறு யாராக இருந்தாலும் கல்லை எடுத்திருப்பார்கள். இவர்கள் நோட்டை எடுத்தார்கள்.

"நாம குடுத்தோமா?"

"குடுக்கல அண்ணாச்சி. அதுவா எடுத்துக்கிட்டு."

"அப்ப அந்த விதி உடையல. ஆனா நம்ம புளியோதரை இங்க நிக்குதே? கொண்டு வந்ததை விட்டுட்டுப் போகப்பிடாதே?"

மூவரும் தலையை அண்ணாந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரங்கு நிதானமாகச் சாப்பிட்டது. வற்றல் மிளகாயை மட்டும் தனியாக எடுத்துக் கீழே போட்டது. சுடலைக்கண் அதைப் பத்திரமாகப் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டார். இலையும் வந்தது. சோறுதான் வரவில்லை.

"குரங்கு ஆத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டுன்னா அது வேற ஜில்லாவாம். அங்க போனதுக்கு நாம பொறுப்பு இல்ல" என்றார் அண்ணாச்சி. குரங்கு தாண்டும் வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். தங்கப்பழம் பட்டினி.

மணி இரண்டரை ஆனது. புறப்படலாம் என்று கிளம்பியபோதுதான் கால் மணலைக் கவனித்தார்கள்.

"மணல் இங்க உள்ளது. எடுத்துட்டுப் போகப்பிடாது" என்றார் சுடலைக்கண்.

ஆற்றில் இறங்கிக் காலைக் கழுவினார்கள். செருப்பு கிடந்த பாறைக்கு வர மணலைத் தாண்டித்தான் வரவேண்டும். ஈரக்காலில் முன்னைவிட அதிகமாக மணல் ஒட்டியது. திரும்பப் போய்க் கழுவினார்கள். திரும்ப நடந்தார்கள். ஏழாவது தடவை கழுவும்போது தங்கப்பழத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, எம் பிள்ளை மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது. ஏதாவது செய்யுங்க."

அண்ணாச்சிக்கும் மனசு கேட்கவில்லை. "நாங்க ரெண்டு பேரும் உம்மைத் தூக்கிட்டுப் போயிப் பாறையில விடுதோம். உம்ம கால்ல மணல் படாது."

அப்படியே செய்தார்கள். தங்கப்பழம் சுத்தமான காலோடு பாறையில் நின்றார். தூக்கிவந்தவர்கள் கால் நிறைய மணல். அவர்கள் திரும்பப் போய்க் கழுவிக்கொண்டு ஆற்றிலேயே நின்றார்கள். அவர்களைத் தூக்கிவரத் தங்கப்பழம் மணலில் இறங்கினார்.

மூன்றரை மணிக்கு ராசையா தேடிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு மூன்று ஜோடிச் செருப்பையும் எடுத்துப் போய்த் தண்ணீர் ஓரத்தில் போட்டார். மூவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை இருந்தது.

ஜீப் ஹாரன் அடித்தது. தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டினார். கட்டும்போதுதான் தெரிந்தது. அவருடைய ஆடுசதையில் ஓர் அட்டை, விரல் தடிமனுக்கு ஊதி, ஆனந்தமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"உப்புப் போட்டா விழுந்துரும்" என்றார் ராசையா.

"அட்டை யாருது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"யாருதா? காட்டோடதுதான்."

"அப்ப எடுத்துட்டுப் போகப்பிடாது. அதுக்குள்ள இருக்கிற ரத்தம்?"

"அது இவருது" என்றார் சுடலைக்கண்.

"அப்ப விட்டுட்டுப் போகப்பிடாது."

மூவரும் அந்த அட்டையைச் சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ராசையா கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். நாலு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது. தங்கப்பழம் அட்டையைப் பார்த்து, "குடிச்சதைத் திருப்பிக் குடுத்துரு ராசா, எம் பிள்ளைக்கு வாழ்க்கைப் பிரச்சினை" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அது கேட்கவில்லை. வயிறு நிறைந்து, தானாகவே பொத்தென்று விழுந்தது.

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். கயிற்றில் விழுந்த எத்தனையோ சிக்கலை அவிழ்த்த மனுஷன்.

"வே தங்கப்பழம், அதோட உடம்பு பூரா ஓடுறது யாரு ரத்தம்?"

"என் ரத்தம் அண்ணாச்சி."

"உம்ம ரத்தம் ஓடுற உடம்பு உமக்கு என்ன ஆகணும்?"

தங்கப்பழம் அட்டையைப் பார்த்தார். குனிந்து அதை மெல்லத் தடவிக் கொடுத்தார். "புள்ளை ஆகணும்."

"அவ்வளவுதான். காட்டுச் சொத்தைக் கொண்டு போனாத்தான் குத்தம். நம்ம புள்ளையை நாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு யாரைக் கேக்கணும்? எழுதும் சுடலைக்கண்ணு."

ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததோடு அட்டையை விட்டு மூடினார்கள். சாவடி ரெஜிஸ்டரில் வந்தவர்கள் மூன்று, திரும்பியவர்கள் நான்கு என்று எழுதாமல் சுடலைக்கண் நகர மறுத்தார். ராசையா எழுதிக் கொடுத்தார். ஜீப் கண்ணுக்கு மறைகிற வரை அவர் அங்கேயே நின்றதாக டிரைவர் பிறகு சொன்னார்.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் ஆழ்வாரப்பன். எதிர்ப்பக்கம் தங்கப்பழமும், ஊர்ப் பெரியவர் என்ற முறையில் பிச்சைக்கனி அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆழ்வாரப்பன் வந்ததிலிருந்து முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டிருந்தார். கேசரியைத் தொடவில்லை.

"எங்க குடும்பத்துல ஏழு தலைமுறையா முறைப்பொண்ணைத்தான் கட்டுதோம். அந்நியத்துல எடுக்கிறதுல எனக்குச் சம்மதம் இல்ல. சும்மா கேட்டு வைக்கேன். பொண்ணுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

தங்கப்பழம் பொய் சொல்லத் தெரியாதவர். "முந்தாநாள் வரைக்கும் ஒத்தப் பிள்ளைதான். நேத்து மூணே முக்காலுக்கு ஒரு தம்பி வந்துட்டான்."

காபித் தட்டோடு வந்த லெட்சுமணவடிவு அப்படியே நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பொன்செல்வி நெற்றியில் அடித்துக்கொண்டது கூடம் வரை கேட்டது.

"எங்க அவன்?" என்றார் ஆழ்வாரப்பன்.

தங்கப்பழம் உள்ளே போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து பெருமையோடு நீட்டினார். ஆழ்வாரப்பன் மூடியைத் திறந்தார். உள்ளே சரியாகத் தெரியாததால் விரலை விட்டுத் துழாவினார். வயிறு முட்டக் குடித்த அட்டை பல நாளைக்குக் கடிக்காது என்று படித்தவர்கள் சொல்வார்கள். இந்த அட்டை படித்ததில்லை.

விரலை வெளியே எடுத்தபோது அட்டையும் கூடவே வந்தது. எல்லாம் முடிந்தது என்று லெட்சுமணவடிவு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ஆழ்வாரப்பன் கையை உதறவில்லை. விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இவன் ஒம்ம புள்ளைன்னு எப்படிச் சொல்லுதீரு?"

"என் ரத்தம் ஓடுதுல்லா?"

"இப்ப என் ரத்தமும்லா ஓடுது?"

அண்ணாச்சி மெதுவாக எழுந்து நின்றார். "அப்ப ஒமக்கும் அவன் புள்ளைதான். இதுல விவாதத்துக்கே இடம் இல்ல."

ஆழ்வாரப்பன் மிச்சமிருந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "இவன் என் மகன். இவனுக்கு அக்கா எனக்கு மக. என் மக, என் மருமகனுக்கு…" கட்டைவிரலை மடக்கியபோது அவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "முறைப்பொண்ணுல்லா! இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

தங்கப்பழம் சந்தோஷத்தில் கேசரித் தட்டை மறுபடி ஆழ்வாரப்பன் பக்கம் நகர்த்தினார். பொன்செல்வி கதவுக்குப் பின்னாலிருந்து அரை முகம் எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளைப் பையனும் பார்த்தான். காரியம் முடிந்த மாதிரிதான்.

ஆனால் ஆழ்வாரப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். அட்டையோடு கூடத்தைக் கடந்து வந்து, தங்கப்பழத்துக்குப் பக்கத்தில், பெண் வீட்டார் வரிசையில் உட்கார்ந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டு, எதிரே வாயைத் திறந்தபடி இருந்த சொந்தத் தங்கச்சியையும் தங்கச்சி மகனையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி என்ன வேலை பாக்குதீய? கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். "தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்க குடும்பத்தைப் பத்தி நாலு எடத்துல விசாரிச்சுட்டுத்தான் நாங்க பொண்ணைக் குடுப்போம்."