இடப்பக்கம் நின்றவன்

பொன்ராசுவுக்குக் குரு வாய்த்தபோது குருவுக்கு வயது இருபத்துமூன்று, சீடனுக்கு முப்பத்துநான்கு.

குருவின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, ஐந்து பேருக்குத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பயிற்சி கொடுத்தாள். ஐவர் அணியோடு ஐவர் அணி மோதும். ஊர் ஊராகப் போட்டி நடக்கும். எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பரோட்டாவுக்கு மாஸ்டர் உண்டென்றால் இதற்கு இருக்கக் கூடாதா?

அந்த விளையாட்டில் கண்ணைவிடக் காதுதான் பெரிது. எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பதை ஹெட்போனில் கேட்கும் காலடிச் சத்தம்தான் சொல்லும். பொன்ராசுவுக்கோ இடது காது சுத்தமாகக் கேட்காது. எட்டு வயதில் வந்த பொன்னுக்குவீங்கி, போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டது. முன்பு இருந்த இரண்டு அணிகளில் உண்மையைச் சொன்னான். இரண்டிலும் மறுநாளே வழியனுப்பி வைத்தார்கள். மூன்றாவது இடத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒற்றைக் காதை வைத்தே எட்டு மாதம் ஓட்டிவிட்டான். அணியில் அதிகம் பேரைச் சுட்டவனும் அவன்தான்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றால், தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பான். யாராவது சிரித்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மற்ற நால்வரும் அவனிடம் உயிராக இருந்தார்கள். அவனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் முறைவைத்து வந்து கூட இருந்தார்கள். அதைக்கூட, நம்மை நோட்டம் பார்க்க வந்தார்களோ என்று ஒருதரம் நினைத்தான். நினைத்த பிறகு வெட்கப்பட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சந்தேகமெல்லாம் கடைசியில் சூசையிடம் வந்து நின்றது. சூசை அதிகம் பேசாதவன். ஆட்டத்தில் பொன்ராசு எங்கே போனாலும் அவனுடைய இடப்பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வான். தள்ளிப் போகச் சொன்னால் சரி என்று நாலு எட்டு தள்ளிப் போவான், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்துவிடுவான். அநேகமாக எல்லா ஆட்டத்திலும் முதலில் செத்து விழுகிறவனும் அவன்தான். ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் அவனை மட்டும் தனியே அழைத்து ஏதோ பேசுவாள்.

மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒவ்வொருவரும், இன்றைக்கு யாரால் பிழைத்தேன் என்று ஒரு பெயர் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பொன்ராசு நன்றாக யோசித்துவிட்டு, யாரும் இல்லை என்பான். பொய்யில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாஸ்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

மதுரையில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு நான்கு நாள் இருந்தது. அன்று பொன்ராசு வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தான். பாதிப் படி ஏறும்போது உள்ளே மாஸ்டர் குரல் கேட்டது.

"அண்ணனுக்குத் தெரியக் கூடாது, சூசை."

அந்த அணியில் எல்லோருக்கும் அண்ணன் பொன்ராசுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேயே வாய் திறந்து பேசிவிட்டது. காது விஷயத்தைச் சூசை கண்டுபிடித்துவிட்டான், மாஸ்டரிடம் வத்தி வைத்துவிட்டான், நம் இடத்துக்கு வேறு ஆள் வரப்போகிறது என்று பொன்ராசு முடிவு கட்டினான். இந்த அணியும் போய்விட்டால் சிநேகிதர் என்று சொல்ல அவனுக்கு ஒருவரும் கிடையாது. சத்தமில்லாமல் கீழே இறங்கி, தெரு முனையில் நின்றான். சூசை டீ வாங்கக் கிளம்பிப் போனதும் மாடிக்குப் போனான். அவர்கள் நம்மை அனுப்புவதற்குள் நாம் முந்திக்கொள்வோம் என்பது அவன் கணக்கு.

"மாஸ்டர், ஒண்ணு சூசை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ஏண்ணே?"

"எட்டு மாசமா என் பக்கத்துல நின்னு என்னய வேவு பாக்கான். சுடவும் தெரியல. எப்பவும் மொத ஆளாச் சாகுதான். அவன என்னத்துக்கு வச்சிருக்கீங்க?"

செண்பகவல்லி அவனை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். போன வாரம் ஜெயித்த ஆட்டத்தின் பதிவை, பொன்ராசு பார்த்தபடியே கேட்டபடியே ஓடும்படி திரையில் போட்டாள். ஹெட்போனை எடுத்து அவன் தலையில் மாட்டினாள். மாட்டும்போது இடதை வலதாகவும் வலதை இடதாகவும் திருப்பி மாட்டினாள்.

தெரிந்துபோயிற்று, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று பொன்ராசு நினைத்தான். எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

"பாருங்கண்ணே" என்றாள்.

அவன் ஆடிய ஆட்டம்தான். ஆனால் அன்று செத்த காதில் விழுந்ததெல்லாம் இன்று நல்ல காதில் விழுந்தது. இடப்பக்கத்திலிருந்து காலடிகள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஆட்டம் முழுக்க வந்துகொண்டே இருந்தன. அவனை நோக்கி வந்த ஒவ்வொரு காலடிக்கும் குறுக்கே இன்னொரு காலடி ஓடியது. சூசை சுடுவது கேட்டது. சூசை விழுவது கேட்டது. அதே நேரத்தில் திரையில் பொன்ராசு வலப்பக்கம் திரும்பி நின்று, நிம்மதியாகக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் இன்னொரு ஆட்டத்தைப் போட்டாள். பிறகு இன்னொன்று. எல்லாவற்றிலும் அதே காலடி.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, படியில் நின்று கேட்டதைப் பொன்ராசு சொன்னான். எனக்கு எது தெரியக் கூடாது என்று கேட்டான். சென்னையில் ஒரு பெரிய அணி சூசையைக் கூப்பிட்டதாகவும், அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டதாகவும், அது தெரிந்தால் அண்ணன் சங்கடப்படுவார் என்றுதான் மறைக்கச் சொன்னதாகவும் அவள் சொன்னாள்.

இப்படி நான்கு பேரும் இப்படி ஒரு குருவும் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேன் என்று பொன்ராசுவுக்கு இருந்தது. இவர்களைப் போய் எட்டு மாதம் சந்தேகத்தோடு பார்த்தோமே என்று கூசியது. நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எதற்கு நன்றி என்று சொல்லப் போனால் அந்த விஷயத்தைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும்.

"மாஸ்டர், எனக்கு இடது காது கேக்காது."

"சரிண்ணே."

"எட்டு மாசமா எல்லாருக்கும் தெரியுமா?"

"இல்லண்ணே" என்றாள் செண்பகவல்லி. "நீங்களாச் சொல்லுத வரைக்கும் எங்க யாருக்கும் தெரியாது."