பவழம் வராத கல்யாணம்

கடலோரத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல உமையாள்னு ஒரு பொண்ணு இருந்தாளாம். ம் கொட்டு, கொட்டினாத்தான் மேல சொல்லுவேன். ம்... அவளுக்கும் நம்பிங்கிற பையனுக்கும் பரிசம் போட்டாச்சு. ஆனா கல்யாணம் மட்டும் நடக்கல. ஏன்னு கேளு. பவழம் இல்ல! தாலிக்கு ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு பவழம் கோத்தாத்தான் அந்த ஊர்ல அது தாலி.

பவழம் நம்ம கடல்ல கெடைக்காது. எங்கயோ பரங்கி தேசத்துக் கடல்ல எடுத்து, ஹாதிம்னு ஒரு வியாபாரியோட பட்டணத்துக்கு வரும். ஹாதிம் அத இங்க கொண்டாந்து குடுத்துட்டு, நம்ம மிளகையும் உமையாளோட அப்பா நெய்யுற துணியையும் ஏத்திட்டுப் போவாரு. "ஒன் பொண்ணு கல்யாணத்துக்குப் பவழம் என் பொறுப்பு"ன்னு அந்த அப்பாகிட்ட வாக்குக் குடுத்திருந்தாரு.

அப்போதான் அங்க சண்டை மூண்டுச்சு. ஒரு புண்ணிய ஊரு. அது எங்க சாமி ஊருன்னு சிலுவைக் கொடிக்காரங்க, இல்ல எங்களுதுன்னு ஹாதிமோட ஆளுங்க. சாமி வந்து கேட்டுச்சா? கேக்கல. டமார் டமார்னு கோட்டை இடியுது, திகுதிகுன்னு கப்பல் எரியுது, துறைமுகத்த இழுத்துச் சாத்திட்டாங்க. இங்க மிளகு மூட்டையோட பூசணம் பூத்துச்சு, தறி நின்னுச்சு.

மொத வருஷம் உமையாள் குன்றிமணியக் கோத்துக் காமிச்சா. நம்பியோட அம்மா முத்தாயி, "புள்ளைங்க வெளையாடுறதையா கழுத்துல கட்டுறது?"ன்னு வீசிட்டா. மறு வருஷம் சங்க ராவி மணியாக்கிச் செவப்புச் சாயம் ஏத்துனா. சோன்னு ஒரு மழை, சாயமெல்லாம் போச்சு. அப்புறம் மூணாவது வருஷம், "தைக்குள்ள பவழம் வரலேன்னா, பவழம் இருக்கிற வீட்டுல பொண்ணு எடுக்குறேன்"னுட்டா முத்தாயி. உமையாளுக்குச் சோறு எறங்கல. நம்பின்னா அவளுக்கு உசுரு.

ம்... தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்போ ஒரு நாள் கிழிஞ்ச பாயோட ஒரு கப்பல் வந்துச்சு. ஹாதிம் எறங்குனாரு, பாதி ஆளா. மடியிலேருந்து ரெண்டு பவழம் எடுத்து உமையாள் கையில வச்சாரு. முத்தாயிக்கு வாயெல்லாம் பல்லு.

"தொறை எல்லாம் மூடிக் கெடக்குன்னாங்களே, இது ஏதுங்க அய்யா?"ன்னு உமையாள் கேட்டா.

"என் பொண்ணு ருமைஸா கழுத்துல கெடந்ததும்மா. அவளுக்கும் நாள் குறிச்சிருந்தோம். மதில் இடிஞ்சு அவ மேல விழுந்துருச்சு. வாக்குக் குடுத்திருந்தேனேம்மா."

உமையாள் அந்தப் பவழத்தப் பாத்தா. அதுக்காக மூணு வருஷம் அழுதவ. அப்புறம் அத அவரு உள்ளங்கையிலயே வச்சு வெரல மடக்குனா.

"ருமைஸாவோட அம்மாகிட்டக் குடுத்துருங்க அய்யா. எனக்கு வேண்டாம்."

போச்சு, கல்யாணம் போச்சுன்னு எல்லாரும் முத்தாயியப் பாத்தாங்க. முத்தாயி கண்ணத் தொடச்சுக்கிட்டா. "என்னங்கடி பாக்குறீங்க? மஞ்சக் கெழங்கு கொண்டாங்க"ன்னா.

நூல்ல மஞ்சளத் தன் கையாலயே முடிஞ்சா. பெரியவங்க தொட்டு ஆசீர்வாதம் பண்ணணுமில்லையா, தாலிய மொதல்ல ஹாதிம்கிட்டதான் நீட்டுனா.

"பொண்ணப் பெத்தவரு, நீங்க தொட்டுக் குடுங்க."

அவரு தொட்டாரு. நம்பி கட்டுனான்.

அவ்வளவுதாண்டி கண்ணு. கண்ண மூடிக்கோ.