மூணுரோட்டு மஞ்சள் விளக்கு

மூணுரோட்டு சிக்னலில் மஞ்சளுக்குக் கண் இருக்கிறதோ என்று ஆட்டோக்கார சூசைமுத்துவுக்குச் சந்தேகம். அவன் வண்டி வெள்ளைக் கோட்டுக்கு அருகே வந்தால் போதும், டக்கென்று விழும். முந்தாநாள் நின்றான். "பின்னாடி வர்றவன் இடிக்கவா?" என்று சீறினார் இன்ஸ்பெக்டர் தணிகைவேல். நேற்று நிற்காமல் போனான். "இன்னொரு தடவை போனா லைசென்ஸ் பறிபோயிடும்!"

இன்று பச்சையிலேயே, கோட்டுக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி இறங்கினான். பின்னால் ஹாரன்கள் அலறின.

"பச்சையில ஏன்டா நிக்கிறே?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"மஞ்சள் விழுந்தா, நிக்க முடிஞ்சவன் நிக்கணும்; கோட்டுக்கிட்ட வந்துட்டவன் போயிடணும். அது எனக்குத் தெரியும் சார். நீங்க பேன்ட் பாக்கெட்ல இருந்து கையை எடுங்க, நான் போறேன்."

எல்லோரும் பாக்கெட்டைப் பார்த்தார்கள்.

"யார்கிட்டடா பேசுறே?" என்று இன்ஸ்பெக்டர் கையை ஓங்கினார்.

ஓங்கிய கையில் சிக்னலை மாற்றும் ரிமோட் இருந்தது.