புத்தம் புது முட்டை வண்டி

அருப்புக்கோட்டையில் பந்தல் போடும் திருமேனி, மயிலேறி, கோட்டைச்சாமி மூவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள். ஊர் அவர்களை முட்டாள்கள் என்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முட்டாள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான். இவர்கள் ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்பார்கள்.

பந்தல் கடை மாமனார் பேச்சிமுத்துவுடையது. சாமான் ஏற்ற ஒரு லோடு வண்டி வாங்கிக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான்.

"புது வண்டியா இருக்கணும். கண்ணிமைக்காமப் பாத்து வாங்குங்க. வெள்ளிக்கிழமை கடைக்குட்டிக்கு நிச்சயதார்த்தம். அதுக்கு முன்னாடி வந்து பாப்பேன். பழசுன்னு தெரிஞ்சுதோ, கடைச் சாவி உங்ககிட்ட இருக்காது. இன்னொண்ணு, மனுசனோ வண்டியோ, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு எனக்கு ஆகாது."

மூவரும் ஷோரூமில் இமைக்காமல் நின்றார்கள். இரண்டாவது நிமிடமே கண்ணீர் கொட்டியது. அதன்பிறகு வண்டி நீலமா பச்சையா என்பதே தெரியவில்லை. விற்பனையாளர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, கைக்குட்டை கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டி வீடு வந்தது. நீலம்தான்.

மயிலேறி ஒரு காந்தப் பிள்ளையார் வாங்கி வந்தார். வலது கதவில் வைத்தால் ஒட்டினார். இடது கதவில் வைத்தால் விழுந்தார்.

"அவரு கிழக்க பாக்கணும் சகல" என்றார் மயிலேறி.

வண்டியைத் திருப்பினார்கள். விழுந்தார். மிச்சமிருந்த திசைகளிலும் விழுந்தார்.

கோட்டைச்சாமி நெடுநேரம் யோசித்தார். "இவரு உக்காந்த பிள்ளையாரு. கதவு நிக்குது. கதவப் படுக்க வச்சா உக்காருவாரு."

கதவைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தார்கள். உட்கார்ந்தார். வலது கதவில் மட்டும் எப்படி ஒட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளையாரிடம் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

ஆனால் கதவைத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. கதவை வண்டியிலேயே ஏற்றி, நசுங்கல் எடுக்கும் டிங்கர் சவரிமுத்துவிடம் ஓட்டிப் போனார்கள். அவர் கதவை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"யாருடா இதப் புதுசுன்னு வித்தது? எங்கயோ மோதி நசுங்குன கதவு. இரும்பு கொஞ்சம், பாக்கியெல்லாம் மேல பூசுன பட்டி. காந்தம் எப்படி ஒட்டும்?"

சுரண்டினார். நீலத்துக்கு அடியில் மஞ்சள். மஞ்சளில் சிவப்பாக 'சத்தான முட்டை' என்று இருந்தது.

"கம்பெனியிலயே எழுதி அனுப்புவாங்களோ?" என்றார் மயிலேறி.

"ஆமா, இது கோழி போட்ட வண்டி" என்றார் சவரிமுத்து.

கோட்டைச்சாமி சீட்டுக்கு அடியில் கோழியைத் தேடினார்.

திருமேனி ஷோரூமுக்குப் போன் செய்தார். வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், குறை இருந்தால் வேறு வண்டி தருவோம் என்றார்கள். "டெலிவரி எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ, வண்டி அப்படியே இருக்கணும். எதையும் மாத்தக் கூடாது."

"அன்னைக்குக் கதவு வண்டியில இருந்துச்சு" என்றார் திருமேனி கவலையோடு.

"முட்டை வெளிய தெரியல" என்றார் மயிலேறி.

சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்டா, இருக்கிற ஒரே சாட்சிய மூடச் சொல்றீங்களா?"

"உத்தரவுண்ணே."

அவர் வேலையில் குறை வைக்காதவர். பட்டி பார்த்து, நீலம் அடித்து, கதவை மாட்டினார். எந்தக் கொம்பனும் கண்டுபிடிக்க முடியாது.

வியாழனன்று மூவரும் வண்டி எடுத்த நாளில் போட்ட அதே சட்டைகளில் நின்றார்கள். புது மாலை, புது எலுமிச்சம்பழம். அதிகாரி வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே இமைப்பதை நிறுத்தியதால் கண்ணீரும் தயாராக இருந்தது.

அதிகாரி இளகிப்போனார். "அழாதீங்கய்யா. குறை எங்க இருக்கு?"

"இடது கதவுக்குள்ள சார். முட்டைன்னு எழுதியிருக்கு."

"ஒண்ணும் தெரியலையே. லேசாச் சுரண்டிப் பாத்துரலாம்."

மூவரும் கதவை மறித்து நின்றார்கள். "எதையும் மாத்தக் கூடாது சார்!"

அரைமணி நேரம் மன்றாடிவிட்டு, 'குறை ஏதுமில்லை. புத்தம் புது வண்டி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி போனார்.

மாலையில் வந்த பேச்சிமுத்து அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு வண்டியைத் தாமே கண்ணிமைக்காமல் பார்த்தார். கண்ணீர் வழிந்தது.

"புதுசுதான் மாப்ள. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். வண்டியில பேரு எழுதி, காலையில பந்தல் சாமானோட வந்துருங்க."

சவரிமுத்து தூரிகையோடு நின்றார். "என்ன எழுத?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனாருக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு ஆகாது.

வெள்ளிக்கிழமை, பாதிப் பந்தல் போடுவதற்குள் 'சத்தான முட்டை' வண்டிக்கு முன்னால் இருபது பேர் கூடையோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். பேச்சிமுத்து வாசலுக்கு ஓடி வந்தார். திருமேனிதான் பொறுப்பாக முன்னால் வந்து, வரிசையில் முதலில் நின்ற பெண்ணைக் கும்பிட்டார்.

"முட்டை உள்ளதான் இருக்கு தாயி. ஆனா சுரண்டக் கூடாதுன்னு உத்தரவு."