கழுத்தில் ஏறாத மாலை

“மூணாவது தடவை திருப்பி அனுப்புறீங்க டீச்சர். என் தையல்ல அப்படி என்ன குறை?”

அஞ்சுகம் மாலையை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட வீசினாள் என்பதே சரி.

டீச்சர் ஸுன்ஹீ கொரியாக்காரி. ஸ்ரீபெரும்புதூர் காய்கறிக் கடைகளில் பேரம் பேசித் தமிழ் படித்தவள். வயது இருபத்தேழு. அஞ்சுகத்துக்கு முப்பத்தைந்து. அதனால் மாணவிதான் அக்கா.

கொரியாவில் உடுப்பு வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளை எறிவதில்லை. கையாலேயே ஒட்டுப்போட்டு, சாமான் பொதிகிற துணியாக்கிவிடுவார்கள். துண்டுகள் சேரும் ஒவ்வொரு விளிம்பையும் மடித்து மடித்து மூன்று முறை தைப்பார்கள். உள்பக்கம் வெளிப்பக்கம் என்றே கிடையாது. அதே தையலில் ஸுன்ஹீ கழுத்துமாலையும் தோடும் செய்தாள்; கற்றும் கொடுத்தாள்.

டீச்சர் மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

பாத்திரம் துலக்கினாள். துணி காயப்போட்டாள். வாசலில் இருந்த கேஸ் சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொண்டு வந்தாள்.

அரைமணி நேரம் கழித்து வந்து, திரும்பி நின்று, கூந்தலை ஒதுக்கினாள். பிடரியில் சிவப்பாக ஒரு கீறல்.

“கடைசி முடிச்சு, அக்கா. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கும் தெரியாது.”

“அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

“செஞ்சவங்க ஒரு நாள் போடணும். முதல் வகுப்புலயே சொன்னேன். நீங்க ஒண்ணுகூடப் போடல.”

அஞ்சுகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு டீச்சர். என் கழுத்துல ஒரு கயிறு கிடந்தாக்கூட எங்க வீட்ல கேள்வி வரும். ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குக் காது குத்துறாங்க. பெத்தவ நான். சமையக்கட்டு வாசலைத் தாண்டி வராதேன்னு நாத்தனார் சொல்லிட்டாங்க. இதுல மாலை வேறயா?”

டீச்சர் ஊசிகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“சரி, இதை மட்டும் சொல்லுங்க டீச்சர். இது துணியா, நகையா? துணின்னா நான் போட்டுக்கலாம். நகைன்னா கூடாது.”

டீச்சர் மாலையைக் கழற்றினாள். ஒரு பக்கம் காட்டினாள். திருப்பி மறுபக்கம் காட்டினாள். மறுபடியும் திருப்பினாள்.

“பதில் சொல்லுங்க டீச்சர்.”

“அந்தக் கேள்வி உங்க நாத்தனாரோடது. அவங்களே பதில் தேடட்டும். நீங்க முடிச்சை மாத்துங்க. போட்டுப் பாருங்க. போடலேன்னா திங்கக்கிழமை வராதீங்க.”

“எல்லார் எதிர்லயும் தையல் விட்டுப்போச்சுன்னா?”

ஸுன்ஹீ சிரித்துவிட்டாள்.

“மூணு தடவை தைச்சது அக்கா. உங்க பேத்தி வந்து பிரிக்கட்டும், பார்ப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை.

குழந்தை யாழினி தாய்மாமன் மடியில் இருந்தாள். பத்தர் கம்பியை எடுத்ததும் வீரிட்டாள்.

“அம்மா!”

அஞ்சுகம் சமையலறை வாசலைத் தாண்டினாள். கூட்டத்துக்கு நடுவே நேராக நடந்து வந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் கழுத்தில் சிவப்பும் பச்சையும் மாந்தளிர் நிறமுமாக மாலை கிடந்தது.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன கருமம்டி அது கழுத்துல?” என்றாள் நாத்தனார் சிந்தாமணி.

“தையல் வேலை, அண்ணி. போட்டுப் பார்த்துத்தான் குடுக்கணும்.”

“நகை மாதிரில்ல இருக்கு?”

அஞ்சுகம் மாலையின் ஒரு நுனியைத் திருப்பிக் காட்டினாள்.

சிந்தாமணி குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கமும் அப்படியேதான் இருந்தது. அவள் முகம் சிவந்தது.

“வந்தவங்க அத்தனை பேரும் பார்க்கிறாங்க. மானம் போகுது. இன்னும் எவ்வளவு நேரம் போட்டுப் பார்க்கப் போற?”

குழந்தை அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

“தையல் விடுற வரைக்கும் அண்ணி.”

அஞ்சுகம் பத்தரைப் பார்த்தாள்.

“நீங்க குத்துங்க.”